கரிய களிமண்ணில் வெள்ளிக் கோடுகள்

மனிதன் கைப்பட்டுக் கலைப்பொருளாக மாறிய மிகப் பழமையான பொருள்களுள் களிமண்ணும் ஒன்று. மிக மலிவானதும் அதுவே. பொன்னுக்கும் வெள்ளிக்கும் உள்ளதைப் போன்று, தன்னளவில் மதிப்பு எதுவும் அதற்குக் கிடையாது. ஆற்றங்கரையிலும் குளத்தின் அடியிலும் கிடைக்கும் மண்ணுக்கு மதிப்பைத் தேடித் தருபவை கைத்திறனும் நெருப்புமே. ஆகவேதான் ஒரு நாட்டின் கைவினைத் தொழில்களின் நிலையை அளந்தறிய விரும்புவோர் முதலில் அந்நாட்டுக் குயவரின் நிலையைப் பார்க்கின்றனர்.

மண்கலத்தை அழகுபடுத்தும் முறைகள் பல. வண்ணம் தீட்டுதல், மெருகுப் பூச்சு பூசுதல், அச்சுப் பதித்தல் ஆகியன அவற்றுட் சில. இவை யாவற்றினும் அதிகப் பொறுமையை வேண்டி நிற்பது, சுடப்படாத கலத்தின் மேனியில் கூரிய கருவியால் கையாலேயே கோலங்களைச் செதுக்கும் கலையாகும். சீன நாட்டில் இக்கலை பீங்கானில் உச்சநிலை எய்தியது. இந்தியாவில் அது சாதாரணக் குளத்து வண்டலில் தழைத்தது. உத்தரப் பிரதேசத்தின் ஆஸம்கட் மாவட்டத்தைச் சேர்ந்த நிஜாமாபாத் என்னும் சிறு நகரின் கரிய மண்பாண்டங்கள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். இக்கலையின் நுட்பமும், அது இன்று எதிர்நோக்கும் இடர்ப்பாடுகளும், அவற்றைக் களையும் வழிகளும் இங்கு ஆராயப்படுகின்றன.

செதுக்குதலின் இலக்கணம்

சக்கரத்தினின்று அறுத்தெடுத்த கலம் ஈரமானது. கருவி பட்டால் நெளிந்து போகும். முற்றிலும் காய்ந்த கலமோ நொறுங்கும் தன்மையுடையது, அழுத்தினால் விள்ளும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஒரு பதம் உண்டு. விரலால் அழுத்தினால் பள்ளம் விழாது. நகத்தால் கீறினால் கோடு விழும். பதனிட்ட தோலைப் போன்ற இறுக்கம் வாய்ந்திருப்பதால் இதனைத் தோல் பதம் என்பர். பீங்கான் செதுக்குவோர் பெரும்பாலும் இந்தப் பதத்திலேயே தம் வேலையைச் செய்கின்றனர். வெயிலும் காற்றும் மிகுந்த நாளில் இப்பதம் சில மணி நேரமே நீடிக்கும். ஈரத் துணியைப் போர்த்தி அதனை நீட்டிப்பதும் தொழில் நுணுக்கங்களுள் ஒன்றாகும்.

செதுக்குதலிலும் வகைகள் உள. கூரிய முனையால் மெல்லிய கோடுகளை இழுப்பது முதல் வகை. கத்தியைச் சாய்த்துப் பிடித்து, கோட்டின் ஒரு பக்கத்தைச் சரிவாகச் சீவி எடுப்பது இரண்டாம் வகை. கோலத்தைச் சூழ்ந்த மண்ணை அகற்றி, உருவத்தை மட்டும் புடைத்து நிற்கச் செய்வது மூன்றாம் வகை. சுவரையே துளைத்துச் சல்லடை வேலைப்பாடு செய்வது நான்காம் வகை. முதல் வகையிலிருந்து நான்காம் வகைக்குச் செல்லச் செல்ல, கலம் உடையும் அபாயமும் பெருகுகின்றது. சுவரின் பருமன் எங்கும் ஒரே அளவாக இல்லாவிடில், காயும்போதும் சுடும்போதும் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வோர் அளவில் சுருங்கும். அவ்விடத்தில் விரிசல் தோன்றும். ஆதலின் செதுக்குபவர் எவ்வளவு ஆழம் வெட்டலாம் என்பதைக் கையின் உணர்வைக் கொண்டே தீர்மானிக்க வேண்டியவராகிறார்.

இக்கலையில் தவற்றைத் திருத்த வாய்ப்பு மிகக் குறைவு. ஓவியர் தம் கோட்டை அழிக்கலாம். பொற்கொல்லர் உருக்கி மீண்டும் வார்க்கலாம். செதுக்கி எடுத்த மண்ணை அதே இடத்தில் ஒட்டினால் சூளையில் அது பெரும்பாலும் கழன்றுவிடும். சுட்ட பின்னரோ மண்ணைப் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாது.

பீங்கானும் மண்பாண்டமும்

பீங்கானுக்கும் மண்பாண்டத்திற்கும் உள்ள வேற்றுமையை இங்கு விளக்குதல் பொருந்தும். கயோலின் என்னும் வெண்களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகிய மூன்றும் சேர்ந்ததே பீங்கான். ஏறத்தாழ 1,250 முதல் 1,400 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் ஃபெல்ட்ஸ்பார் உருகி, மற்றவற்றின் இடுக்குகளை நிரப்பிக் கண்ணாடி போல் இறுகுகிறது. அதனால் பீங்கானில் நீர் ஊறாது. தட்டினால் மணியோசை எழும். மெல்லிய சுவரினூடே ஒளி தெரியும். சாதாரண மண்பாண்டம் பெரும்பாலும் 700 முதல் 900 பாகை வரையிலேயே சுடப்படுவது. அதன் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமேயன்றி உருகுவதில்லை. அதனால் அது நீரை உறிஞ்சும் தன்மையுடையதாக இருக்கிறது.

கயோலின் என்ற பெயரே சீனாவின் ஜிங்தெஜென் நகருக்கு அருகிலுள்ள காவ்லிங் என்னும் ஊர்ப்பெயரிலிருந்து வந்ததாகும். சோங் மன்னர் காலத்தில் (960 - 1279) வட சீனாவின் டிங் சூளைகளில் வெண்ணிறக் கலங்களிலும், யாவ்ஜோ சூளைகளில் பசுமை நிறக் கலங்களிலும் தாமரையும் பியோனி மலரும் செதுக்கப்பட்டன. தெற்கே லோங்சுவான் சூளைகளின் பச்சை நிறக் கலங்களும் புகழ் பெற்றவை. இவற்றின் மீது பூசப்பட்ட மெருகு, சுடும்போது உருகிப் பள்ளமான கோடுகளில் தேங்குகிறது. தேங்கிய இடம் அடர்ந்த நிறமும், மேடான இடம் வெளிறிய நிறமும் பெறுகின்றன. ஒரே மெருகு இருவேறு நிறங்களாகத் தோன்றுவதற்குச் செதுக்கிய ஆழமே காரணம்.

இத்தகைய சீனக் கலங்கள் கடல் வாணிபத்தின் வழியே இந்தியக் கரைக்கும் வந்தன. தமிழ்நாட்டில் இராமநாதபுரம் மாவட்டத்தின் பெரியபட்டினத்தில் 1980-களில் நடைபெற்ற ஆய்வுகளில் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. கலங்கள் வந்தனவாயினும், அவற்றைச் சுடும் உயர்வெப்பச் சூளைத் தொழில்நுட்பம் அக்காலத்தில் இந்நாட்டில் வேரூன்றவில்லை. ஐரோப்பாவிலும் உண்மையான பீங்கானைச் செய்யும் தொழிற்சாலை சாக்சனி நாட்டின் மைசனில் 1710-ஆம் ஆண்டில்தான் தொடங்கிற்று. இந்தியாவில் பீங்கான் தொழிலை அறிவியல் அடிப்படையில் வளர்க்கும் பொருட்டு, மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையம் 1950-இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்டது. உத்தரப் பிரதேசத்தின் குர்ஜா நகரில் பீங்கான் தொழில் பெருகியது.

எனினும் கையால் செதுக்கி அழகுபடுத்தும் கலை இந்தியாவில் பீங்கானின் வரவுக்குக் காத்திருக்கவில்லை. தாழ்ந்த வெப்பத்தில் சுடும் மண்ணைக் கொண்டே அது தனக்கென ஒரு வழியைக் கண்டுகொண்டது.

நிஜாமாபாத்தும் அதன் குயவர்களும்

தமசா எனவும் வழங்கும் தோன்ஸ் ஆற்றின் கரையில் அமைந்தது நிஜாமாபாத். இந்தி மொழியின் புகழ்பெற்ற கவிஞரான அயோத்தியா சிங் உபாத்யாய 'ஹரிஔத்' 1865-இல் பிறந்த ஊர் இது. ஆயினும் வெளியுலகில் இவ்வூருக்குப் பெயர் தேடித் தந்தவை இங்குச் செய்யப்படும் கரிய மண்பாண்டங்களேயாகும். ஔரங்கசீப்பின் ஆட்சிக் காலத்தில் (1658 - 1707) குஜராத்தின் கட்ச் பகுதியிலிருந்து இங்கு வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்களே தாங்கள் என்பது இக்கைவினைஞரிடையே வழங்கும் மரபுச் செய்தி. இவர்கள் பெரும்பாலும் பிரஜாபதி என்னும் குயவர் சமூகத்தைச் சேர்ந்தவர்கள்.

கரிய பின்னணியில் வெள்ளிக் கோடுகள் மின்னும் இக்கலங்களைக் காண்போருக்குக் கர்நாடகத்தின் பீதர் நகரில் செய்யப்படும் பித்ரி வேலைப்பாடு நினைவுக்கு வரும். பித்ரி உலோக வேலை. துத்தநாகக் கலவையில் வார்த்த பாத்திரத்தில் வெள்ளிக் கம்பியையும் தகட்டையும் பதிப்பது. அதே தோற்றத்தை மண்ணில் உண்டாக்குவது நிஜாமாபாத்தின் தனித்திறன். பூச்சாடிகள், தட்டுகள், கூஜாக்கள், தேநீர்க் கெண்டிகள், விளக்குகள், விநாயகர், இலக்குமி ஆகிய தெய்வங்களின் உருவங்கள் எனப் பலவகைப் பொருள்கள் இங்கு உருவாகின்றன.

செய்முறை

முதற்படி மண்ணைத் தேர்தல். சுற்றுப்புறக் குளங்களின் அடியில் படிந்த நுண்ணிய வண்டலே இதற்கு ஏற்றது. அதில் உள்ள கல்லையும் வேரையும் நீக்கி, நீரில் கரைத்து, வடிகட்டி, காயவிட்டுப் பிசைகின்றனர். மணற்சத்து மிகுந்தால் மேற்பரப்பு வழவழப்பாக அமையாது. கோடு இழுக்கும்போது ஒரு சிறு கல் கருவியில் தட்டினாலும் கோலம் கெட்டுவிடும். எனவே மண்ணைத் தூய்மை செய்வதிலேயே வேலையின் தரம் பாதி முடிவாகிவிடுகின்றது எனலாம்.

பிசைந்த மண் சக்கரத்தில் உருப்பெறுகின்றது. சற்று உலர்ந்தபின் கலத்தின் மேற்பரப்பைச் சீவிச் சமன் செய்கின்றனர். பின்னர் காபிஸ் எனப்படும் மண் குழம்பு பூசப்படுகின்றது. மூங்கில் இலை, ஆடாதோடை இலை, மாமரத்தின் பட்டை போன்ற தாவரப் பொருள்களை நுண்ணிய மண்ணுடன் சேர்த்து இக்குழம்பைத் தயாரிக்கின்றனர். பூச்சு காய்ந்ததும் கடுகெண்ணெய் தடவித் தேய்க்கின்றனர். இவ்வாறு தேய்க்கும்போது மேற்பரப்பிலுள்ள நுண்துகள்கள் ஒரே திசையில் படிந்து பளபளப்பு உண்டாகின்றது. கண்ணாடி போன்ற மெருகு எதுவும் பூசப்படாமலேயே இக்கலங்கள் மின்னுவதன் இரகசியம் இதுவே.

அடுத்தது செதுக்குதல். கூரிய குச்சியையோ இரும்பு முனையையோ கொண்டு பூங்கொடிகளையும் வடிவக் கணிதக் கோலங்களையும் கீறுகின்றனர். கலத்தின் மீது முன்னதாக வரைபடம் எதனையும் ஒட்டிக்கொள்வதில்லை. சுற்றிவரும் கொடி தொடங்கிய இடத்திலேயே வந்து பொருந்த வேண்டும். இடைவெளிகள் ஒத்திருக்க வேண்டும். கலத்தின் வளைவுக்கேற்பக் கணக்கிடும் ஆற்றல் பல ஆண்டுப் பயிற்சியால் வருவது. சீனப் பீங்கானில் ஆழம் சிறப்பென்றால், இங்குக் கோட்டின் நுண்மையே சிறப்பு. மேலே படிந்துள்ள பூச்சைக் கடந்து உள்மண்ணை மட்டும் தொட வேண்டும். கோட்டின் உட்புறம் சொரசொரப்பாக இருந்தால்தான் பின்னர் நிரப்பும் பொடி அதில் தங்கும்.

செதுக்கிய கலங்களை மூடிய சூளையில் அடுக்கி, வரட்டியும் உமியும் இட்டுப் புகையில் சுடுகின்றனர். வெளிக்காற்று புகாதவாறு மூட்டம் போடப்படுகின்றது. சூளை ஆறியபின் வெளியே எடுக்கும்போது கலங்கள் கரிய நிறம் பெற்றிருக்கும். மீண்டும் எண்ணெய் தடவி மெருகேற்றுகின்றனர். இறுதியாக உலோகப் பொடியைக் கோடுகளில் தேய்த்து நிரப்பி, எஞ்சியதைக் கழுவி நீக்கி, மறுபடியும் மெருகிடுகின்றனர். கரிய வானில் மின்னல் படர்ந்தாற்போல் கோலம் வெளிப்படுகின்றது.

கருமையின் காரணம்

வண்டல் மண்ணில் இரும்புச் சத்து உண்டு. காற்றோட்டமுள்ள சூளையில் சுட்டால், இரும்பு உயிர்வளியுடன் முழுமையாகச் சேர்ந்து சிவந்த ஆக்ஸைடாக மாறும். நம் ஊர்ப் பானையும் செங்கல்லும் சிவந்திருப்பது இதனால்தான். காற்றைத் தடுத்துவிட்டால் எரிபொருள் அரைகுறையாக எரிந்து, கார்பன் மோனாக்ஸைடு வாயுவும் கரித்துகள்களும் தோன்றும். அவ்வாயு இரும்பு ஆக்ஸைடிலிருந்து உயிர்வளியின் ஒரு பகுதியைக் கவர்ந்துகொள்ள, சிவப்பு கருமையாக மாறுகின்றது. கரித்துகள்கள் மண்ணின் நுண்துளைகளில் படிந்து கருமையை மேலும் ஆழமாக்குகின்றன.

சூளை முற்றிலும் ஆறுவதற்கு முன்னர் திறந்தால் சூடான கலத்தைக் காற்றுத் தீண்டும். இரும்பு மீண்டும் சிவக்கும். படிந்த கரியும் எரிந்துபோகும். கலத்தில் திட்டுத் திட்டாகச் செந்நிறம் தோன்றி, பல நாள் உழைப்பு வீணாகும். ஆகவே அவசரத் தேவைகளுக்காகச் சூளையை முன்கூட்டித் திறக்க இயலாது. பண்டிகைக் காலத்தில் வணிகர் கோரும் அவசரக் கெடுவிற்கும் சூளையின் இயல்பிற்கும் உள்ள முரண்பாடு இத்தொழிலின் நிரந்தரச் சிக்கல்களுள் ஒன்று.

இந்த அறிவு இந்நாட்டிற்குப் புதியதன்று. ஆதிச்சநல்லூர், கொடுமணல், கீழடி முதலிய இடங்களில் கிடைத்துள்ள கருப்பு-சிவப்புப் பாண்டங்கள், ஒரே கலத்தில் ஒரு பகுதிக்குக் காற்றைத் தடுத்தும் மறுபகுதிக்குக் காற்றை விட்டும் சுடப்பட்டவை. கங்கைச் சமவெளியிலும் கி.மு. 700-ஐ ஒட்டிய காலம் முதல் சில நூற்றாண்டுகள் வரை கரிய மெருகேறிய பாண்டங்கள் வழக்கிலிருந்தன. அவற்றுக்கும் நிஜாமாபாத் கலங்களுக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளி உண்டு. ஆயினும் புகையைக் கொண்டே வண்ணம் தீட்டும் நுட்பத்தை இந்தியக் குயவர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர் என்பதற்கு அவை சான்றாகும்.

வெள்ளிக் கோட்டின் விலை

நிஜாமாபாத் கலத்தின் அழகுக்குக் காரணமான வெள்ளிக் கோடே அதன் பெரிய இடரையும் தன்னுள் கொண்டிருக்கிறது. அக்கோட்டில் உள்ளது பெரும்பாலும் வெள்ளியன்று. துத்தநாகத்தையும் பாதரசத்தையும் சேர்த்த இரசக்கலவையின் பொடியை மரபாகப் பயன்படுத்துகின்றனர். ஈயம், வெள்ளீயம் ஆகியவற்றுடன் பாதரசத்தைச் சேர்ப்பதும் உண்டு. பாதரசம் சேர்ந்தால் உலோகம் மென்மையடைந்து எளிதில் பொடியாகும், கோட்டில் அழுந்தப் பதியும், தேய்த்தால் ஒளிரும். செலவும் குறைவு. பாதரசம் 357 பாகை வெப்பத்தில் கொதித்து ஆவியாகிவிடுமாதலால், இப்பொடியைச் சூளையில் வைக்க இயலாது. சுட்ட பின்னர் கையால்தான் தேய்க்க வேண்டும்.

பாதரசம் சாதாரண வெப்பநிலையிலும் சிறுகச் சிறுக ஆவியாகும் இயல்புடையது. அவ்வாவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூச்சின் வழியே உடலில் சேர்ந்து, நரம்பு மண்டலத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும். கை நடுக்கம் அதன் அறிகுறிகளுள் ஒன்று. நடுங்காத கையை நம்பிப் பிழைக்கும் செதுக்குக் கலைஞருக்கு இதனினும் கொடிய இழப்பு வேறில்லை. ஈயமோ குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குக் கேடு விளைவிப்பது. குழந்தைகளைப் பொறுத்தவரை, தீங்கற்றது எனக் கொள்ளத்தக்க ஈய அளவு எதுவும் இல்லை என்பது மருத்துவ உலகின் முடிபு.

இத்தொழிலில் பட்டறையும் வீடும் வேறு வேறல்ல என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். சக்கரம் பெரும்பாலும் ஆடவர் கையில் உள்ளது. மண்ணைப் பதப்படுத்துதல், பூச்சு பூசுதல், எண்ணெய் தேய்த்தல், மெருகிடுதல் முதலிய வேலைகளில் பெண்களின் பங்கு பெரிது. பொடி தேய்க்கப்படும் அதே முற்றத்தில் சமையல் நடக்கும், குழந்தைகள் தவழும். ஆலைத் தொழிலாளருக்கு உள்ள தொழிற்சாலைச் சட்டப் பாதுகாப்பு இத்தகைய வீட்டுப் பட்டறைகளை எட்டுவதில்லை. கலத்தை வாங்குவோரும் ஒன்றை அறிதல் நலம். உலோகப் பொடியும் அரக்குப் பூச்சும் கொண்ட கலங்கள் அழகுப் பொருள்களே; உணவுக்கோ பானத்திற்கோ உரியவை அல்ல.

பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்காக 2013-இல் மினமாட்டா உடன்படிக்கை என்னும் பன்னாட்டு ஒப்பந்தம் ஏற்பட்டது. அது 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018 ஜூனில் அதனை உறுதி செய்தது. உலகெங்கும் பாதரச வாணிபம் குறுகிவருவதால், இப்பொருள் மேன்மேலும் அரிதாகும் என எதிர்பார்க்கலாம். வெளிநாட்டுச் சந்தைகளும் ஈயம், பாதரசம் கலந்த பொருள்களை ஏற்கத் தயங்கும். ஆகவே மாற்றுப் பொடி ஒன்றைக் கண்டறிவது உடல்நலத்தோடு தொழிலின் எதிர்கால வாணிபத்தையும் சார்ந்த தேவையாகும்.

மண்ணும் சந்தையும்

மூலப்பொருள் மலிவானது என்னும் எண்ணமும் இன்று முழு உண்மையன்று. குளங்கள் தூர்ந்தும் ஆக்கிரமிக்கப்பட்டும் வருவதால், நல்ல வண்டலைத் தேடிக் குயவர்கள் தொலைவு செல்ல வேண்டியுள்ளது. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த வழக்கு ஒன்றில் 2001-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், குளங்கள் முதலிய பொது நீர்நிலைகளைக் காப்பது அரசின் கடமை என வலியுறுத்தியது. குளம் காக்கப்படுமாயின் உழவருக்கு நீரும் குயவருக்கு மண்ணும் கிடைக்கும். கோடையில் வண்டலை எடுப்பதால் குளத்தின் கொள்ளளவும் பெருகும். இரு தரப்பாருக்கும் நன்மை பயக்கும் இவ்வேற்பாடு முன்னாளில் ஊர் வழக்கமாகவே இருந்தது.

மண்கலத்தின் பொருளாதாரத்தில் உடைசல் முக்கிய இடம் பெறுகின்றது. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். கைவினைஞர் ஒருவர் நூறு கலங்களைச் செதுக்குகிறார் என்றும், சூளையில் பத்தும் வழியில் பத்தும் உடைகின்றன என்றும் வைத்துக்கொண்டால், விற்பனைக்கு எஞ்சுவன எண்பது. எண்பது கலங்களின் விலையே நூறு கலங்களின் உழைப்புக்கும் ஈடு செய்ய வேண்டும். அதாவது ஒவ்வொரு கலத்தின் அடக்க விலையும் கால் பங்கு உயர்கின்றது. வழியில் உடைவதைத் தடுக்கும் நல்ல சிப்பம் கட்டும் முறையால் இச்சுமையில் பாதியளவைக் குறைக்கலாம். புதிய சூளைக்கு ஆகும் செலவுடன் ஒப்பிட்டால் சிப்பத்திற்கு ஆகும் செலவு அற்பமே. எனினும் திட்டங்களில் சிப்பத்திற்குக் கிடைக்கும் கவனம் குறைவு.

செதுக்கு வேலைக்குரிய கூலியும் சிந்திக்கத்தக்கது. அச்சில் வார்த்து, ஆலையில் மெருகேற்றிய பீங்கான் கலம் ஒரே அளவில் ஆயிரக்கணக்கில் வெளிவருகின்றது. அதனுடன் விலையில் போட்டியிடக் கைவினைஞரால் இயலாது. விலை குறைக்கப்படும்போது முதலில் பலியாவது கோலத்தின் நுண்மையே. நெருங்கிய கொடி அகன்ற கொடியாகும். பத்துக் கோடுகள் மூன்றாகும். சில ஆண்டுகளில் நுண்ணிய வேலை செய்யத் தெரிந்தவர்களே அருகிவிடுவர். தரத்திற்கேற்ற விலை கிடைப்பது கலைஞரின் வாழ்வுக்கு மட்டுமன்றிக் கலையின் வாழ்வுக்கும் இன்றியமையாதது.

அரசின் முயற்சிகள்

சுதந்திரத்திற்குப் பின்னர், 1952-இல் அகில இந்தியக் கைவினை வாரியம் அமைக்கப்பட்டது முதல் கைவினைத் தொழில்களுக்கு அரசின் ஆதரவு கிடைத்து வருகின்றது. புவிசார் குறியீடுகள் சட்டம் 1999-இல் நிறைவேறி, 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இதற்கான பதிவகம் சென்னையில் உள்ளது. நிஜாமாபாத் கரிய மண்பாண்டம் 2015-இல் அங்குப் பதிவு பெற்றது. வேற்றிடத்தில் செய்த பொருளை நிஜாமாபாத் கலம் என்ற பெயரில் விற்பதைத் தடுக்க இப்பதிவு உதவும். ஆயினும் பத்தாண்டுகளுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அத்துடன் ஒவ்வொரு கைவினைஞரும் அதிகாரம் பெற்ற பயனாளராகத் தம்மைத் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். இவ்வாறு செய்யாதவரையில் குறியீட்டின் முழுப் பயன் அவரைச் சென்றடையாது.

உத்தரப் பிரதேச அரசு 2018 ஜனவரியில் 'ஒரு மாவட்டம், ஒரு பொருள்' திட்டத்தைத் தொடங்கியபோது, ஆஸம்கட் மாவட்டத்திற்குரிய பொருளாகக் கரிய மண்பாண்டம் தேர்ந்தெடுக்கப்பட்டது. கதர் கிராமத் தொழில் ஆணையம் மின்சாரச் சக்கரங்களைக் குயவர்களுக்கு வழங்கும் திட்டத்தை அதே ஆண்டில் தொடங்கியது. கையால் சுழற்றும் சக்கரத்தின் உடல் உழைப்பை இது பெரிதும் குறைக்கின்றது. 2022 ஜூனில் ஜெர்மனியில் நடைபெற்ற ஜி-7 உச்சி மாநாட்டின்போது, ஜப்பான் நாட்டின் அப்போதைய பிரதமருக்கு இந்தியப் பிரதமர் வழங்கிய பரிசு நிஜாமாபாத்தின் கரிய மண்பாண்டங்களேயாகும்.

2023 செப்டம்பர் 17-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் விசுவகர்மா திட்டம் குயவர் உட்படப் பதினெட்டுத் தொழில்களைச் சார்ந்தோருக்கு உரியது. பயிற்சிக் காலத்தில் நாளொன்றுக்கு 500 ரூபாய் உதவித்தொகை, கருவிகள் வாங்க 15,000 ரூபாய் வரை உதவி, 5 சதவீத வட்டியில் முதற்கட்டமாக ஒரு லட்சம் ரூபாயும் இரண்டாம் கட்டமாக இரண்டு லட்சம் ரூபாயும் பிணையின்றிக் கடன் ஆகியன இத்திட்டத்தின் கூறுகள். வட்டிக்கடைக்காரரையும் முன்பணம் தரும் வணிகரையும் சார்ந்து நிற்கும் நிலையிலிருந்து கைவினைஞர் விடுபட இத்தகைய கடனுதவி துணைபுரியும்.

செய்ய வேண்டுவன

மேற்கூறிய உதவிகள் யாவும் சக்கரத்தையும் சூளையையும் சந்தையையும் நோக்கியவை. கோட்டையும் பொடியையும் நோக்கிய முயற்சி இன்னும் பெருக வேண்டியுள்ளது. முதலாவதாக, பாதரசமும் ஈயமும் இல்லாத பொடியை ஆராய்ச்சி நிலையங்களும் கைவினைஞர்களும் கூடிக் கண்டறிய வேண்டும். நுண்ணிய வெள்ளீயப் பொடி, தகுந்த பிசினுடன் சேர்த்த அலுமினியப் பொடி ஆகியவற்றைச் சோதித்துப் பார்க்கலாம். கோட்டில் பிடிக்கிறதா, ஒளி நீடிக்கிறதா, விலை தாங்குமா என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காண வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும் கைவினைஞர் பழைய பொடிக்கே திரும்பிவிடுவார். புதியதை ஏற்குமாறு அவரை வற்புறுத்துவதைவிட, பழையதற்கு நிகராக ஒளிரும் ஒன்றை அவர் கையில் கொடுப்பதே பயன் தரும்.

இரண்டாவதாக, அத்தகைய பொடி கிடைக்கும் வரையில், பொடி தேய்ப்பதற்கெனக் காற்றோட்டமுள்ள பொதுக் கூடம் ஒன்று வீடுகளுக்கு வெளியே அமைதல் வேண்டும். கையுறை, முகக்கவசம், கழிவு நீரைத் தனியே சேகரிக்கும் தொட்டி ஆகியவை அங்கு இருத்தல் வேண்டும். மருத்துவப் பரிசோதனையும் குறிப்பிட்ட கால இடைவெளியில் நடைபெற வேண்டும். குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் இவ்வேலையினின்று விலகியிருப்பது முதல் விதியாக வேண்டும்.

மூன்றாவதாக, குளத்து வண்டலை எடுப்பதற்கான உரிமை குயவர்களுக்கு எளிதில் கிடைக்க ஊராட்சிகள் ஆவன செய்ய வேண்டும். நான்காவதாக, செதுக்கு வேலைக்குத் தனித் தர அடையாளம் வகுக்கப்பட வேண்டும். நுண்ணிய வேலைக்கும் சாதாரண வேலைக்கும் ஒரே விலை என்ற நிலை நீடித்தால், இளைஞர் பொறுமையைக் கற்க முன்வரமாட்டார். இக்கலையில் கற்க வேண்டியது பெரும்பாலும் பொறுமைதான்.

குளத்தின் அடியில் கிடந்த மண், வரட்டியின் புகை, ஒரு கூரிய குச்சி ஆகிய எளிய பொருள்களைக் கொண்டே உலகத் தலைவர்களுக்குப் பரிசளிக்கத் தகுந்த கலங்களை நிஜாமாபாத்தின் மக்கள் படைத்துள்ளனர். அவர்களுக்கு நாடு செய்யக்கூடிய கைம்மாறு பாராட்டுரைகளோடு நின்றுவிடலாகாது. கோட்டை இழுக்கும் கை நடுங்காமல் இருக்கவும், அக்கையின் உழைப்புக்கு உரிய ஊதியம் கிடைக்கவும் வகை செய்யப்படுமாயின், கரிய களிமண்ணில் வெள்ளிக் கோடுகளை இழுக்கும் கலை அடுத்த தலைமுறையின் கைகளிலும் தொடரும்.